வயதாக ஆகச் சாவிக்கொத்தில் ஒரு குட்டி மல்டிடூல்: தேர்ந்தெடுப்பது முதல் எண்ணெய் விடுவது வரை

கண்ணுக்கு விடும் சொட்டு மருந்து பாட்டிலை முதல் தடவை திறக்கும்போது, மூடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் வளையம் அறுபட்டு பாட்டிலின் கழுத்திலேயே தங்கிவிடும், கவனித்திருப்பீர்கள். அதை அப்படியே விட்டுவிட்டுத் தலையை அண்ணாந்து பாட்டிலைக் கவிழ்த்தால் வளையம் நழுவிக் கண்ணிலேயே விழலாம். அதனால்தான் தளர்ந்த வளையத்தை எடுத்துவிட்டு மருந்து விடுங்கள் என்று பல மருந்துகளின் துண்டுச்சீட்டில் போட்டிருக்கிறார்கள். ஐம்பது வயதில் அதை நகத்தால் நெம்பி எடுத்துவிடுவேன். அறுபத்திரண்டில் நகம் மடங்குகிறது, கட்டைவிரலின் அடிமூட்டு வலிக்கிறது, வளையமும் வெள்ளை பாட்டிலும் வெள்ளை என்பதால் கண்ணாடி போடாமல் எது எங்கே என்று தெரிவதில்லை. கடைசியில் பல்லால் கடித்து இழுத்தேன். பல்லில் போட்டிருந்த கேப் கையோடு கழன்று வந்துவிட்டது.

அன்றிலிருந்து என் சாவிக்கொத்தில் 58 மில்லிமீட்டர் நீளத்தில் ஒரு மல்டிடூல், அதாவது கத்தி, கத்தரி, அரம் எல்லாம் மடங்கி ஒன்றுக்குள் அடங்கிய கருவி, தொங்குகிறது. இப்போது அந்த வளையத்துக்கு அடியில் கத்தரி நுனியை நுழைத்தால் ஒரே நறுக்கு, முடிந்தது.

'இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு?' என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கென்னவோ இந்த வயதில்தான் இது தேவை. இளம் வயதில் நகம், பல், விரல் பிடி மூன்றும் சும்மா கிடைத்த கருவிகள். அவற்றை வைத்தே எல்லாவற்றையும் ஓட்டிவிடலாம். அவை ஒவ்வொன்றாகக் கைவிடும்போது அந்த இடத்துக்கு வேறு ஒன்று வர வேண்டும், அது மேசை இழுப்பறையில் இருந்தால் போதாது. எழுந்து போய் எடுக்கச் சோம்பல்பட்டுத்தானே மறுபடி பல்லை வைக்கிறோம்? கைக்கெட்டும் தூரத்தில், சாவியோடு சாவியாக இருக்க வேண்டும்.

முதலில் ஒரு வாரம் உங்கள் கையைக் கவனியுங்கள்

எதையும் வாங்குவதற்கு முன் இதைச் செய்யுங்கள். ஒரு துண்டுத்தாளை வைத்துக்கொண்டு, எப்போதெல்லாம் பல்லால் கடிக்கிறீர்கள், நகத்தால் நெம்புகிறீர்கள், சாவி நுனியால் கிழிக்கிறீர்கள், அல்லது 'இதைக் கொஞ்சம் பிரிச்சுக் கொடு' என்று பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிடுகிறீர்கள் என்று குறித்து வையுங்கள். நான் குறித்தபோது வந்தவை: பார்சல் டேப், பொட்டலத்தின் ஓரம், மருந்து பாட்டில் வாயில் ஒட்டியிருக்கும் படலம், புதுச் சட்டையின் விலைச்சீட்டைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் இழை, சட்டைக்கை நூல், ரிமோட்டின் பேட்டரி மூடி, விரலில் ஏறிய மரச்சிலாம்பு, உடைந்து துணியில் மாட்டிக்கொண்டே இருந்த ஒரு நகம். இந்தப் பட்டியலில் கத்தி கட்டாயம் வேண்டும் என்று சொல்லத்தக்க வேலை ஒன்றுகூட இல்லை, பெரும்பாலானவை கத்தரி வேலை. உங்கள் பட்டியல் வேறாக இருக்கலாம். அதை வைத்துத்தான் அடுத்த முடிவு.

எதை வாங்குவது

இந்தக் கருவிகள் பிறந்த கதையைப் பார்த்தாலே ஒரு விஷயம் விளங்கும். சுவிட்சர்லாந்தில் கார்ல் எல்சனர் 1891-ல் முதன்முதலாக ராணுவத்துக்குக் கத்தி செய்து கொடுத்தது வீரர்கள் துப்பாக்கியைக் கழற்றி மாட்டவும் உணவு டப்பாவைத் திறக்கவும். அமெரிக்கரான டிம் லெதர்மேன் 1975-ல் ஐரோப்பாவைச் சுற்றியபோது பழைய காரோடும் விடுதிக் குழாய்களோடும் மல்லுக்கட்டி, கையிலிருந்த கத்தியோடு ஒரு குறடும் சேர்ந்திருக்கக் கூடாதா என்று யோசித்தார். அது விற்பனைக்கு வந்தது 1983-ல். இரண்டுமே இளம் கைகளுக்காக யோசித்தவை. அதனால் எத்தனை கருவி இருக்கிறது, எவ்வளவு உறுதி என்று எண்ணிக்கொண்டிருப்பது நமக்கு உதவாது. உங்கள் கை அதைத் திறக்குமா என்பதுதான் முதல் கேள்வி.

சாவிக்கொத்து அளவில் பொதுவாக மூன்று வகை கிடைக்கின்றன.

விக்டோரினாக்ஸ் கிளாசிக் எஸ்டி மாதிரியான 58 மில்லிமீட்டர் வகை முதலாவது. எடை 20 கிராமை ஒட்டி இருக்கும், பையில் இருப்பதே தெரியாது. சின்னக் கத்தி, கத்தரி, நுனியில் திருப்புளி உள்ள நக அரம், பக்கவாட்டில் செருகிய ட்வீசர், பல்குத்தி. கத்தரிக்கு ஸ்பிரிங் உண்டு, அழுத்தி நறுக்கியதும் தானே விரிந்துகொள்ளும், இது மூட்டு வலிக்காரர்களுக்குப் பெரிய உதவி. குறை என்னவென்றால் ஒவ்வொன்றையும் நகத்தால் இழுத்துத்தான் திறக்க வேண்டும்.

லெதர்மேன் மைக்ரா மாதிரியானது இரண்டாவது, எடை 50 கிராம் அளவில். இதில் கத்தரிதான் தலைமைக் கருவி. இரண்டு கைப்பிடிகளையும் விரித்துத் திருப்பினால் நடுவிலிருந்து கத்தரி வந்துவிடும், அதே கைப்பிடிகளைப் பிடித்து நறுக்கலாம். கத்தரிக்கு நகம் வைத்து இழுக்கும் வேலை இல்லை, பிடியும் பெரியது. விரல் மூட்டுகள் வீங்கியிருப்பவர்களுக்கு என் முதல் பரிந்துரை இதுதான். கொஞ்சம் கனம், அவ்வளவுதான்.

மூன்றாவது, கெர்பர் டைம் போலக் குறடை நடுவில் வைத்த வகை. 60 கிராமைத் தாண்டும். பாட்டில் வாய்ப் படலத்தின் காதைப் பிடித்து இழுக்க, ஜிப்பின் உடைந்த நாக்கைப் பிடித்து நகர்த்த, இந்தக் குட்டிக் குறடு நன்றாக உதவும், இரண்டு விரலால் கிள்ளிப் பிடிக்கும் சக்தி போய்விட்டவர்களுக்கு அது சின்ன விஷயமே இல்லை. ஆனால் இந்த அளவுக் குறடை வைத்து நட்டு போல்ட்டைத் திருகப் பார்க்காதீர்கள், கைப்பிடி குட்டை என்பதால் விசை முழுவதும் உங்கள் உள்ளங்கையில்தான் இறங்கும்.

நிறம் அடர்த்தியாக, பளிச்சென்று இருக்கட்டும். கறுப்புக் கருவி கறுப்புப் பைக்குள் காணாமல் போகும், தரையில் விழுந்தாலும் குனிந்து தேட வேண்டும், குனிவதைக் குறைப்பதுதானே நமக்கு நல்லது.

மலிவாகக் கிடைக்கிறதே என்று பெயர் தெரியாத ஒன்றை வாங்கி நானே பட்டிருக்கிறேன். கத்தரியின் இரண்டு இதழ்களும் ஒன்றோடொன்று உரசாமல் இடைவெளி விட்டு நின்றன, நூலை வெட்டாமல் மடித்து உள்ளே இழுத்துக்கொண்டது. எனவே வாங்கும் இடத்தில் ஒரு நூலையும் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாளையும் நறுக்கிப் பாருங்கள். நுனிவரை சுத்தமாக வெட்ட வேண்டும்.

அப்புறம் திறந்து மூடும் சோதனை. ஒவ்வொரு கருவியையும் ஐந்து தடவை திறந்து மூடுங்கள், முடிந்தால் கை விறைப்பாக இருக்கும் காலை நேரத்தில். மூன்றாவது தடவையே கட்டைவிரல் முணுமுணுத்தால் அது உங்களுக்கானது இல்லை, எத்தனை பேர் புகழ்ந்தாலும் சரி.

மாட்டுவது எப்படி

சாவி வளையத்தில் நேராக மாட்டாதீர்கள். அந்த இறுக்கமான இரட்டைச் சுற்று வளையத்தைப் பிரிக்க ஒரு நல்ல நகம் வேண்டும், அது இல்லாமல்தானே இங்கே வந்திருக்கிறோம். நடுவில் ஒரு சின்னக் கொக்கியோ, அழுத்தினால் கழலும் கிளிப்போ வையுங்கள். ஒரு நொடியில் தனியே எடுக்க முடிய வேண்டும். சாவியை யாரிடமாவது கொடுக்கும்போதும், விமானத்துக்குப் போகும்போதும், ஸ்கேன் எடுக்கப் போகும்போதும் இது கைகொடுக்கும். சாவிக்கொத்து முழுவதும் தொங்கிக்கொண்டிருக்க அதன் நுனியில் கத்தரியைப் பிடித்து வேலை செய்வதும் சிரமம், கனம் மணிக்கட்டை இழுக்கும்.

காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் சாவி கிளிப்புகள் இருக்கின்றன, விரல் வலிக்காரர்களுக்கு ரொம்ப வசதி. ஆனால் நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் அவற்றைச் சட்டைப் பையில் போடக் கூடாது, காந்தத்துக்கும் பேஸ்மேக்கருக்கும் இடையே குறைந்தது 15 சென்டிமீட்டர் தூரம் இருக்க வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அறிவுரை. கழுத்தில் கயிறு கட்டி மாட்டுகிறவர்கள், இழுத்தால் தானே கழன்றுகொள்ளும் பூட்டு வைத்த கயிறாகப் பார்த்து வாங்குங்கள், கதவுக் கைப்பிடியில் சிக்கினால் கழுத்து தப்பும்.

கருவியின் வாலில் ஒரு சாண் அளவுக்குத் தடித்த வண்ணக் கயிறு முடிந்துவிடுங்கள். பைக்குள் கையை விட்டுத் துழாவாமல் அந்தக் கயிற்றைப் பிடித்தே இழுக்கலாம்.

கையை நோகடிக்காமல் பயன்படுத்துவது

நகம் வைக்கும் பள்ளத்தில் நகம் நிற்காவிட்டால், பழைய பிளாஸ்டிக் கார்டு ஒன்றின் விளிம்பை அதில் வைத்து மெல்ல மேலே தள்ளுங்கள். கத்தரியும் அரமும் பாதி எழும்பிவிட்டால் மீதியை விரலால் தூக்கிவிடலாம். உட்கார்ந்து, மடியில் ஒரு துண்டை விரித்து, நல்ல வெளிச்சத்தில் செய்யுங்கள். நின்றுகொண்டே, ஒரு கையில் பையைப் பிடித்துக்கொண்டு திறக்கும்போதுதான் கருவி கீழே போகும்.

கத்தரியில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. எதையும் நுனியால் வெட்டப் பார்க்காமல், கத்தரியின் கழுத்துவரை, அதாவது ரிவெட் இருக்கும் இடத்துக்கு அருகில் பொருளைத் தள்ளிவைத்து வெட்டுங்கள். நெம்புகோல் கணக்குதான் இது, அச்சுக்கு எவ்வளவு கிட்டே இருக்கிறதோ அவ்வளவு விசை அதிகம் கிடைக்கும், விரலுக்கு வேலை குறையும். கெட்டியான பிளாஸ்டிக்கை ஒரே நறுக்கில் முடிக்காமல் சின்னச் சின்னக் கடியாக எடுத்துக்கொண்டே போங்கள். நுனியைக் கண் மருந்து வளையம், தையல் நூல் மாதிரி மெல்லிய வேலைக்கு மட்டும் வையுங்கள்.

பார்சல் டேப்புக்குக் கத்தியைத் திறக்க வேண்டியதே இல்லை. நக அரத்தின் தட்டை நுனியை டேப்பின் நடுக்கோட்டில் குத்தி உங்களிடமிருந்து வெளிப்பக்கமாக இழுத்தால் பெட்டி பிளந்துகொள்ளும், உள்ளே இருக்கும் பொருளும் கீறாது. மருந்து பாட்டில் படலத்துக்கும் அதுதான்: நடுவில் ஒரு குத்து, பிறகு அந்த ஓட்டையிலிருந்து ஓரம்வரை கத்தரி. அரத்தையும் கத்தரியையும் முன்னதாகத் துடைத்துக்கொள்ளுங்கள், நகம் தேய்த்த அரம் மருந்துக்குள் போகக் கூடாது.

மாத்திரை அட்டை பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கையில் கத்தரி வந்ததும் பலருக்கும் தோன்றுவது, அட்டையை ஒவ்வொரு மாத்திரையாக நறுக்கி டப்பாவில் போட்டு வைத்துக்கொண்டால் வசதியாச்சே என்பது. தயவுசெய்து செய்யாதீர்கள். அப்படி நறுக்கிய துண்டின் மூலைகள் கூர்மையானவை; அரைத்தூக்கத்தில், மங்கல் வெளிச்சத்தில், அட்டையோடு சேர்த்தே வாயில் போட்டு விழுங்கி, உணவுக்குழாயும் குடலும் கிழிபட்டு அறுவை சிகிச்சைவரை போனவர்கள் இருக்கிறார்கள், மருத்துவ இதழ்களில் பதிவான விஷயம் இது. காலாவதித் தேதியும் மருந்தின் பெயரும் எந்தத் துண்டோடு போனது என்றும் தெரியாமல் போகும். மாத்திரையை உந்தித் தள்ள முடியவில்லை என்றால், அட்டையை முழுதாக வைத்துக்கொண்டு, பின்பக்கப் படலத்தின் ஓரத்தை அரத்தின் நுனியால் லேசாகக் கீறிவிட்டு அப்புறம் தள்ளுங்கள். மாத்திரையைப் பாதியாக உடைக்கக் கத்தியை வைக்காதீர்கள். அதற்கென்று தனிக் கட்டர் இருக்கிறது, மெதுவாகக் கரையும் வகை மாத்திரைகளை மருத்துவரோ மருந்தாளுநரோ சொல்லாமல் உடைக்கவே கூடாது.

சிலாம்பு எடுக்கும்போது வெள்ளெழுத்துதான் முதல் எதிரி. கண்ணாடியைப் போட்டுக்கொள்ளுங்கள், போன் கேமராவைப் பெரிதாக்கிப் பார்த்து அது எந்தப் பக்கமாக நுழைந்திருக்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். தோலையும் ட்வீசரையும் ஸ்பிரிட்டால் துடைத்து, நுழைந்த அதே கோணத்தில் திரும்ப இழுக்க வேண்டும். இந்தக் குட்டிக் கருவிகளில் வரும் ட்வீசர் நுனி கொஞ்சம் மொண்ணை, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சிலாம்புக்குத்தான் சரி. உள்ளே புதைந்துவிட்டதைத் தோண்டாதீர்கள்.

கண்ணாடி பிரேமின் திருகு லூசாகிவிட்டால் நக அரத்தின் நுனி உதவாது. அது சுமார் 2.5 மில்லிமீட்டர் அகலம், கண்ணாடித் திருகின் பள்ளத்துக்கு அதில் பாதி அளவு நுனிதான் பொருந்தும். அதற்கென்றே சாவி வளையத்தில் மாட்டும் குட்டித் திருப்புளி தனியாகக் கிடைக்கிறது, கூடவே மாட்டிக்கொள்ளுங்கள். ரிமோட்டின் பேட்டரி மூடியை நெம்ப அரத்தின் நுனி தாராளமாகப் போதும். பொத்தான் பேட்டரியை மட்டும் உலோக ட்வீசரால் கிள்ளி எடுக்காதீர்கள், இரண்டு பக்கமும் ஒன்றாகத் தொட்டால் ஷார்ட் ஆகும்.

கத்தி திறக்கும் நாளில்

இந்த அளவுக் கத்திகள் பெரும்பாலும் பூட்டு இல்லாதவை. நுனியைக் குத்தி அழுத்தினால் மடங்கி உங்கள் விரல்மேலேயே மூடிக்கொள்ளும். எனவே கத்தியை இழுத்து வெட்டலாம், குத்தித் தள்ளக் கூடாது. பொருளைப் பிடித்திருக்கும் கை கத்தி போகும் வழியில் இருக்கவே கூடாது.

வயதானால் தோல் மெலிந்துவிடும், முன்பு கீறலாகப் போனது இப்போது வெட்டாகும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இது இன்னும் முக்கியம். வெட்டுப்பட்டால் சுத்தமான துணியை வைத்துப் பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள், 'நின்னுடுச்சா' என்று நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள், கையை உயர்த்தியே வையுங்கள். அப்படியும் நிற்காவிட்டால் மருத்துவமனைதான்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் கால் நகத்தையும் பாதத்தின் காய்ப்பையும் இந்தக் கருவியால் தொடவே வேண்டாம். பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் வெட்டியதே தெரியாது, தெரியவரும்போது புண் பெரிதாகியிருக்கும். கை நகத்தின் உடைந்த ஓரத்தை அரத்தால் ஒரே திசையில் தேய்ப்பது வரைக்கும் சரி.

வீட்டில் ஞாபகமறதி கூடிக்கொண்டே போகும் ஒருவர் இருந்தால், அவருக்கு பிளேடு இல்லாத வகையைக் கொடுங்கள். விக்டோரினாக்ஸ் ஜெட்செட்டர் அப்படிப்பட்டது, கத்தரியும் திருப்புளியும் உண்டு, கத்தி மட்டும் கிடையாது. சாவிக்கொத்தை அவரிடமிருந்து பிடுங்குவதைவிட இது எவ்வளவோ மேல்.

எங்கே கழற்றி வைக்க வேண்டும்

எம்ஆர்ஐ ஸ்கேன் அறைக்குள் சாவிக்கொத்தே போகக் கூடாது, கருவி கேட்கவே வேண்டாம். நீதிமன்றம், அரங்கம், பாதுகாப்புச் சோதனை உள்ள எந்தக் கட்டடமானாலும் கிளம்பும்போதே கிளிப்பை அழுத்திக் கழற்றிவிடுங்கள்.

விமானத்தில் விதி நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் கத்தி எவ்வளவு சின்னதானாலும் கைப்பையில் அனுமதி இல்லை, அச்சிலிருந்து 4 அங்குலத்துக்குக் குறைவான கத்தரிக்கு அனுமதி உண்டு. ஐரோப்பிய ஒன்றிய விதிகளில் 6 சென்டிமீட்டரைத் தாண்டிய வெட்டும் அலகுக்குத்தான் தடை. எழுத்தில் என்ன இருந்தாலும் அங்கே நிற்கும் சோதனையாளர் சொல்வதுதான் முடிவு. அதனால் செக்-இன் பெட்டியில் போட்டுவிடுங்கள், அல்லது வீட்டிலேயே விடுங்கள். தெருவில் வைத்திருப்பதற்கும் தனிச் சட்டங்கள் உண்டு. பிரிட்டனில் பூட்டு இல்லாத, 3 அங்குலத்துக்கு மேற்படாத மடக்குக் கத்தி வைத்திருக்கத் தனிக் காரணம் சொல்லத் தேவையில்லை, எல்லா நாட்டிலும் அப்படி இல்லை. போகும் ஊரின் விதியை முன்னதாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பராமரிப்பு

பையில் கிடக்கும் கருவிக்குள் பஞ்சும் தூசியும் அடைந்துகொண்டே இருக்கும். 'கை பலவீனமாயிடுச்சு, திறக்கவே வரலை' என்று நினைக்கும் பலருக்கும் பாதிக் காரணம் இந்த அழுக்குதான். வெதுவெதுப்பான நீரில் துளி சோப்பு விட்டு, கருவியை நீருக்குள் வைத்தே திறந்து திறந்து மூடுங்கள், பல்குத்தியால் மடிப்புகளில் இருக்கும் பஞ்சை எடுங்கள். பேட்டரி விளக்கு உள்ள வகை என்றால் நீரில் முக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். நன்றாகக் காயவிட்டு, ஒவ்வொரு மடிப்பு அச்சிலும் ஒரே ஒரு துளி மினரல் ஆயில். சமையல் எண்ணெய் வேண்டாம், சில வாரத்தில் பிசினாகிப் பழையபடி இறுகிவிடும்.

கத்தி மழுங்கினால், நேர்த்தியான சாணைக்கல்லில் 15 முதல் 20 டிகிரி சாய்வில் இரண்டு பக்கமும் ஏழெட்டு இழுப்பு போதும். கல் இல்லையா, பீங்கான் கோப்பையைக் கவிழ்த்தால் அடியில் பளபளப்புப் பூசாத சொரசொரப்பான வளையம் தெரியும், அதில் தேய்க்கலாம். மழுங்கிய கத்தி பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள், அதை அழுத்தி வெட்ட வேண்டியிருக்கும், அழுத்தும்போதுதான் வழுக்கும்.

கழுவி எண்ணெய் விடும் அன்றைக்கே வாங்கும்போது செய்த ஐந்து தடவைச் சோதனையை மறுபடி செய்து பாருங்கள். என் அக்கா போன வருடம்வரை 58 மில்லிமீட்டர் வகையைத்தான் வைத்திருந்தார். ஒரு நாள் சுத்தமாகக் கழுவி எண்ணெய் விட்ட பிறகும் கத்தரி அவருக்கு எழும்பவில்லை, நான் இழுத்தால் வழுக்கிக்கொண்டு வருகிறது. அதை எனக்குக் கொடுத்துவிட்டுக் கைப்பிடி விரியும் வகைக்கு மாறிவிட்டார், சிவப்பு நிறத்தில், மஞ்சள் கயிறு போட்டு.